கடலுக்குப் போகாதவனின் இராச் சாப்பாடு

பின்னேரம் வெயில் சாயத் தொடங்கியதும் எங்கள் கரையிலிருந்து போட்டுகள் புறப்படும். அந்த நேரத்தில்தான் நான் அடுப்பு மூட்டுவேன். குசினி என்று நாங்கள் சொன்னது, வீட்டிலிருந்து தள்ளி, நாலு மரமும் தென்னோலைக் கிடுகும் பழைய தகரமும் வைத்துக் கட்டிய ஒரு கொட்டில். அதன் வாசல் கடலைப் பார்த்தபடி இருந்தது. அடுப்பை ஊதிக்கொண்டு குந்தியிருக்கும்போது எஞ்சின் சத்தங்கள் கேட்கும். எந்தச் சத்தம் யாருடைய போட் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு ஊரில் பெண்களும் பிள்ளைகளும் ஏலாத கிழவர்களும் நானும் மிஞ்சியிருப்போம்.

நான் வங்காலைப் பக்கத்துக் கடற்தொழிலாளி. எங்கள் ஊரில் தொழில் என்றால் கடல்தான், வேறு எதற்கும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடி, முகாம் முகாமாக இருந்து, எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்தோம். எங்கள் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கூரையையும் கதவுகளையும் நிலைகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எனது போட் இருந்த இடத்தில் அடம்பன் கொடி படர்ந்திருந்தது.

வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. கட்டத் தொடங்கி, யன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. நான் சம்மாட்டி ஒருவரின் போட்டில் ஆளாகப் போய் வந்தேன். சம்மாட்டி என்றால் போட்டும் வலையும் வைத்திருப்பவர். ஒரு காலத்தில் எனக்கும் சொந்தமாக இரண்டும் இருந்தன. அப்போதுதான் மனைவி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"அம்மா பிள்ளையளப் பாப்பா. நீங்கள் தொழிலுக்குப் போங்கோ. ரெண்டு வருஷம்தானே" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். வேறு என்ன வழி என்று அவள் கேட்டாள். அவள் போனாள். மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இளையவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

அவளின் தாய், என் மாமி, சில மாதங்கள் எங்களோடு இருந்தா. பிறகு ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டா. அவவின் மகன் தோட்டவெளி ஊரிலிருந்து ஒரு வான் பிடித்து வந்து ஆளைத் தூக்கி ஏற்றினான். வான் கதவைச் சாத்துவதற்கு முன் மாமி என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"தம்பி, பொம்பிளைப் பிள்ளையளத் தனிய விட்டுட்டுக் கடலுக்குப் போயிராதேங்கோ" என்றா.

அதை அவ சொல்லியிருக்கத் தேவையில்லை. எங்கள் தற்காலிக வீட்டுக்குத் தகரக் கதவு, உள்ளே கயிறு கட்டித்தான் மூட வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. அதற்கு அப்பால் ஆமிக் காம்ப். பொழுதுபட்டால் அந்தத் துண்டில் எங்கள் விளக்கு ஒன்றுதான். எங்கள் தொழிலோ பின்னேரம் போய் விடியத் திரும்பும் தொழில்.

அப்படித்தான் நான் கரையில் நின்றுவிட்டேன்.

முதல் கிழமை முழுக்க இரவுக்குப் பாண்தான். பின்னேரம் பேக்கரிப் பாண்காரனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். ஒரு இறாத்தல் பாண், ஒரு தேங்காய்ப் பாதி, செத்தல் மிளகாய், வெங்காயம். சம்பல் இடிக்க எனக்குத் தெரியும். கடலில் அதைத்தான் செய்து தின்போம். இரண்டாம் கிழமை தொடங்கியபோது இளையவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"பாண் தொண்டைக்க நிக்குது அப்பா."

மூத்தவள் அவளை அதட்டினாள். "பேசாமத் தின். அப்பாக்கு வேறொண்டும் தெரியாது."

அவள் எனக்கு ஒத்தாசையாகத்தான் சொன்னாள். அடுத்த நாள் நான் கடையில் வறுத்த அரிசி மா வாங்கினேன்.

மனைவிக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் கதைக்க விடுவார்கள். அதுவும் கொஞ்ச நேரம். பிள்ளைகளோடு கதைத்து முடிந்ததும் மூத்தவள் போனை என் காதில் வைத்தாள். நான் புட்டு அவிப்பது எப்படி என்று கேட்டேன்.  

"மாவை வறுத்து வச்சிருக்கிறியளோ?"

"கடையில வறுத்த மா வாங்கினனான்."

"தண்ணியக் கொதிக்க வச்சு இறக்குங்கோ. கொஞ்சம் கொஞ்சமா விட்டு அகப்பைக் காம்பாலை குழையுங்கோ. கையை வச்சிராதேங்கோ, வேகும். பேந்து தகரப் பேணி விளிம்பாலை கொத்துங்கோ. கட்டி கட்டியா இருந்தா விடாமக் கொத்துங்கோ."

"எவ்வளவு தண்ணி?"

"அது மா கேக்கும்" என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது.

மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் அவித்த புட்டு ஒவ்வொரு கட்டியும் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு போல இருந்தது. பிள்ளைகள் அதைத் தேங்காய்ப்பால் சொதியில் ஊறப்போட்டுத் தின்றார்கள். இளையவள் ஒரு கட்டியை எடுத்து என்னிடம் காட்டி, "இது நல்லாயிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவித்தேன். எப்போது சரியாக வந்தது என்று நினைவில்லை. ஒருநாள் அவித்த ஓலை நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தபோது புட்டு மணல் மாதிரிச் சரிந்தது. பார்க்க ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கரைக்குப் போவேன். மற்றவர்கள் கொண்டுவந்த வலையில் மீன் கழற்றுவது, கிழிந்த வலை பொத்துவது என்று வேலை இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது சம்மாட்டி ஒரு பையில் கொஞ்ச மீன் போட்டுத் தருவார். கறிக்கு என்று அதைச் சொல்வோம். கரைக்கு வரும் விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் வலை இழுக்கக் கைகொடுத்தவர்களுக்கும் கறிக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் வழமை. நானும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது அவர்கள் ஏன் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்று நான் யோசித்ததில்லை. இப்போது பையை வாங்கும்போது நானும் மீனைத்தான் பார்த்தேன்.

என்னோடு ஒரே போட்டில் பல வருடம் போன ஒருவன், மனைவி வழியில் எனக்கு மச்சான், ஒவ்வொரு நாளும் கேட்பான்.

"என்ன மச்சான், இண்டைக்குப் பின்னேரம் என்ன கறி?"

முதலில் அது பகிடி. நானும் சிரித்தேன். பிறகு எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். சூடைமீன் தீயல், ஒட்டிச் சொதி, சுறா வறை என்று நான் உண்மையாகவே பதில் சொன்னேன். கொஞ்சக் காலம் போக அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. காற்று எப்படி, நீரோட்டம் எப்படி, இந்தியன் இழுவைப்படகு றோலர் எந்தப் பக்கம் வந்து யாருடைய வலையை அறுத்தது என்று அவர்கள் கதைக்கும்போது நான் பக்கத்தில் இருந்து வலை பொத்துவேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கடலுக்குப் போகாதவனிடம் கடலைப் பற்றி என்ன கேட்பது.

வீட்டில் பொழுது பட முதல் சமைத்து முடிப்பேன். செபமாலை சொல்வோம். இளையவள் பாதியில் தூங்கி விழுவாள். பிறகு பாயில் வட்டமாக இருந்து சாப்பிடுவோம். திங்கள் புட்டு, செவ்வாய் ரொட்டி, புதன் புட்டு. மூத்தவளுக்குப் பரீட்சை என்றால் சோறு. சாப்பிட்டு முடிந்ததும் கதவுக்குக் கயிறு கட்டுவேன். அவ்வளவுதான் நாள். கயிற்றைக் கட்டி முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் மூச்சு அடைத்தது போல இருக்கும். எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கை கால் நல்ல பலமாக இருந்தது. அந்தக் கையால் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு, வெளியே கடல் இரைவதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

ஒரு தரம் போனேன். கணவாய் நன்றாகப் படுகிற நாட்கள். சம்மாட்டியின் ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல். "ஒரு நாளைக்கு வா" என்றார். நான் மூத்தவளைப் பார்த்தேன். அவள் என்னை விட முந்திக்கொண்டாள்.

"போங்கோ அப்பா. நான் தங்கச்சியப் பாக்கிறன். எனக்குப் பயமில்லை."

புட்டு அவித்து, மீன் குழம்பு வைத்து, மூடி வைத்தேன். கயிறு எப்படிக் கட்டுவது என்று அவளுக்குக் காட்டினேன். போட்டில் ஏறி நின்றபோது என் உடம்பு தானாகவே அலைக்கு வளைந்து கொடுத்தது. அன்று கணவாய் நிறையப் பட்டது, நல்ல பாடு. பழைய ஆட்கள் என்னோடு பழையபடி கதைத்தார்கள். நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை மறைக்க ஏலாது.

விடியத் திரும்பி வந்தபோது கதவுக்கு உள்ளே பெட்டியையும் கதிரையையும் அண்டக் கொடுத்திருந்தார்கள். நான் கூப்பிட்ட பிறகும் உடனே திறக்கவில்லை. "அப்பா எண்டால் எங்கட செத்துப்போன நாயின்ர பேரைச் சொல்லுங்கோ" என்று மூத்தவளின் குரல் கேட்டது. சொன்னேன். திறந்தாள். இருவரும் இரவு முழுக்கக் கண் மூடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சாப்பிட்டனீங்களோ?"

இளையவள் தலையாட்டினாள், இல்லை என்று.

சாப்பாடு குசினியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் மூடி வைக்கிற இடத்திலேயே அன்றும் வைத்துவிட்டுப் போயிருந்தேன். குசினிக்குப் போக வெளியே வர வேண்டும்.

"கதவைத் திறக்கப் போனனான். வெளியில ஏதோ நடந்த மாதிரிக் கிடந்திச்சு. மாடோ ஆளோ தெரியேல்ல. பேந்து திறக்கேல்ல" என்றாள் மூத்தவள். குற்றம் சாட்டுவது போல இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

குசினியில் புட்டு நான் வைத்தபடியே இருந்தது. குழம்பு புளித்துப்போயிருந்தது. அன்றைக்குக் காலையில் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டேன். ரொட்டி தாச்சியிலிருந்து இறங்க இறங்க அவர்கள் தின்றார்கள். சம்மாட்டியின் ஆளுக்குக் காய்ச்சல் மாறும் வரைக்கும் வரச்சொல்லி இன்னும் இரண்டு நாள் ஆள் அனுப்பினார்கள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவும் இல்லை.

இரண்டு வருடம் முடிந்தது. மனைவி வரவில்லை. அவள் வேலை செய்த வீட்டுக்காரி, வேறு ஆள் கிடைக்கும்வரை விட மாட்டேன் என்று பாஸ்போட்டை வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை போனில் வேறு எதைக் கதைத்தாலும் அழுகையில்தான் முடிந்தது. அதனால் நாங்கள் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தோம்.

"இண்டைக்கு என்ன இரவுக்கு?"

"இடியப்பம். திரளிச் சொதி."

"இடியப்பமும் பிழியிறியளோ?"

"மூத்தவள் பிழிவாள். நான் சொதி. நீ என்ன சாப்பிட்டனீ?"

"இஞ்ச சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கோழியும் சோறும்தான் எந்த நாளும்" என்பாள்.

மூன்றாவது வருடத்தின் கடைசியில் வந்தாள். வான் ஒன்றில் வந்து இறங்கியவளை இளையவளுக்கு அடையாளம் தெரிந்தது, ஆனால் கிட்டப் போகவில்லை. என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி மெலிந்திருந்தாள். கைகள் சவர்க்கார நீரில் ஊறி ஊறி வெளுத்திருந்தன. ஊரில் உள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நான் வழக்கம்போலக் குசினிக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள். உப்பு எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கிறியள்" என்றாள்.

அன்று நண்டுக் கறியும் புட்டும். பாய் விரித்தேன். பிள்ளைகள் பாயில் குந்தி இருந்தார்கள், நானும் இருந்தேன். அவள் சுவரோடு நின்றாள்.

"இரன்."

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பேந்து சாப்பிடுறன்."

பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, யாருடைய கோப்பை வெறுமையாகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.  இளையவள் அரைவாசியில் எழும்பிவிடுவாள். நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிப் பார்த்தேன். சொன்னவுடன் இருந்தாள். இருந்தவள் ஒரு வாய் தின்பதற்குள் தண்ணீர் எடுக்க எழும்பினாள், பிறகு உப்பு எடுக்க எழும்பினாள், பிறகு இருக்கவில்லை.

நான் கடலுக்குத் திரும்பினேன். மூன்று வருடமாக நினைத்து நினைத்து ஏங்கியது அதுதானே. பொழுது படும் நேரம், வலை விட முதல், போட்டில் எல்லாரும் சோற்றுப் பெட்டியைத் திறந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மற்றவர்களைப் பார்த்து, "உப்புக் காணுமோ?" என்று, பிள்ளைகளிடம் உப்புப் போதுமா என்று விசாரிப்பதுபோலக் கேட்டுவிட்டேன். அவரவர் வீட்டுச் சோறு அவரவர் பெட்டியில். மச்சான் என்னைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. "காணும் காணும்" என்று மட்டும் சொன்னான்.

வீட்டிலோ இளையவள், அப்பா சுட்ட ரொட்டிதான் வேண்டும் என்று பின்னேரங்களில் அழுதிருக்கிறாள். மனைவி சுட்டது மெல்லியதாம். ஒருநாள் விடிய நான் வந்து இறங்கியபோது மனைவி குசினி வாசலில் இருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"எனக்கு இந்த வீட்டில என்ன வேலை, சொல்லுங்கோ. மூத்தவள் சமைக்கிறாள். சின்னவள் என்ர கையால தின்னுறாளில்லை. நான் திரும்பிப் போறன். வீட்டின்ர மிச்சச் சுவரையாவது கட்டி முடிப்பம்."

நான் அவள் பக்கத்தில் இருந்தேன். கையில் மீன் நாற்றம். அங்கே உண்மையில் என்னதான் சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பெரிய தட்டத்தில் சோறும் இறைச்சியும் வைத்து வீட்டுக்காரர் சுற்றியிருந்து சாப்பிடுவார்களாம். முடியும்வரை இவள் கதவடியில் நிற்க வேண்டும். தட்டம் குசினிக்கு வந்த பிறகு அதில் கிடப்பதைக் கழுவும் இடத்தில் நின்றபடி தின்ன வேண்டும். இருக்கக் கதிரை இல்லை. இருந்தால் வேலை இல்லையா என்று கேட்பார்கள். சில நாள் தட்டத்தில் எலும்பு மட்டும் வரும்.

"கோழியும் சோறும் எண்டு சொன்னனீ."

"கோழியும் சோறும்தானே. பொய்யில்லை" என்றாள். பிறகு, "இப்ப நிலத்தில இருந்து சாப்பிட்டா எனக்கு யாரோ கூப்பிடப் போற மாதிரிக் கிடக்கு. நெஞ்சு அடிக்குது. நான் வேணுமெண்டு செய்யேல்ல" என்றாள்.

எனக்கு அது விளங்கியது. கதவுக்குக் கயிறு கட்டிய அந்த இரவுகளைப் பற்றி நானும் அவளுக்குச் சொன்னேன்.  அவள் திரும்பிப் போகும் கதையை அன்றோடு விட்டுவிட்டோம். 

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் ஊரில் கடலுக்குப் போவதில்லை, ஞாயிறு பூசை இருக்கிறது. ஆகவே நான் வீட்டில் நிற்கும் ஒரே இரவு அதுதான். அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, நான் பாயில் இருக்காமல் மனைவியோடு சுவரடியில் நின்றேன்.

"நீங்கள் சாப்பிடுங்கோ, ஆறிப்போகும்."

"பேந்து உன்னோட சாப்பிடுறன்."

பிள்ளைகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூத்தவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தங்கச்சியைக் கெதியாகச் சாப்பிடச் சொல்லி, கோப்பைகளைக் கழுவிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் குசினிக்குப் போனோம். சட்டியில் கொஞ்சம் சோறும் அடியில் ஒட்டிய குழம்பும் கிடந்தன. இருவரும் அடுப்படியில் நின்றபடி, அதைக் கையால் குழைத்து அந்தச் சட்டியிலேயே சாப்பிட்டோம். அவள் அன்று நிறையச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அப்படியே நடந்தது. மற்ற நாட்களில் மூத்தவள் நான் செய்தது போலத் தாயோடு நின்று சாப்பிட்டாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பல மாதங்கள் போன பிறகு, ஒருநாள் கச்சான் காற்று பிடித்து யாரும் கடலுக்குப் போகாத ஒரு பின்னேரம், குசினியில் பலகை ஒன்றைக் காலால் இழுத்து மனைவி அதில் இருந்தாள். கால் நோகுது என்று சொன்னாள். அடுப்பில் கீரிமீன் பொரிந்துகொண்டிருந்தது. நான் மற்றப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன். பிள்ளைகளும் மணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சின்னக் கொட்டிலில் நாலு பேருக்கும் இடம் போதவில்லை. முழங்கால் முழங்காலில் இடித்தது. கண்ணெல்லாம் புகை.

"அந்த வாலைத் தா பிள்ளை" என்று மனைவி மூத்தவளிடம் கை நீட்டினாள். பொரித்த மீனின் வாலை வாங்கி, சூடு ஆற ஊதி, முதலில் தானே கடித்தாள்.